காலி வண்டிக்கு வழி கேட்காதவர்

ஆம்புலன்ஸில் நோயாளியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் செருப்பில்லாமல்தான் வருவார்கள். வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் யார் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்? போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். மருத்துவமனை வாசலில் இறங்கும்போது காலுக்குக் கீழே தார் கொதிக்கும். அதுகூட அவர்களுக்கு உறைக்காது. பார்க்கிறவர்களுக்குத்தான் உறைக்கும்.

ஒரு மத்தியான வெயிலில் ஒரு அம்மாள் அப்படித்தான் நின்றாள். புருஷனை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு காலை மாற்றி ஒரு காலாக ஊன்றிக்கொண்டு, ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமலே நின்றாள். வண்டியை ஓட்டி வந்த டிரைவர் தன் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். கோணிப்பை ஒன்றிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வந்து, குனிந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிறவர் மாதிரி வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். யார் வைத்தது என்று திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

வண்டியின் பின்பக்கத்தில் ஆக்ஸிஜன் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் மட்டும் பார்த்தாள். அந்தக் கோணிப்பையில் சின்னதும் பெரியதுமாய் ஒரு கடை அளவுக்குச் செருப்பு இருக்கும் என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கி, கழுவிக் காயவைத்துக் கொண்டுவருவாராம். போட்டுக்கொண்டு போகிறவர்கள் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் பை காலியாகும், மறுபடி நிறையும்.

"எதுக்குண்ணே இதெல்லாம்? நமக்கு வண்டி ஓட்டுறதுதானே வேலை?" என்று கேட்டாள்.

"உள்ள போயி டாக்டர் முன்னாடி நிக்கணும் பாருங்க சிஸ்டர். வெறுங்காலோட நின்னா மனுஷன் தானாவே கூனிப் போறான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. அவரிடம் எந்தப் பேச்சும் அவ்வளவுதான் நீளும்.

நர்ஸ் அப்படியில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் விரல் சொடுக்கும். அவளுடைய ஒரே மகள், ஊரின் மறுகோடியில், பாலத்துக்கு அந்தப்பக்கம், முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்கியது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் பட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மகள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரே ஒரு ரோடு. அதன் நட்ட நடுவில் மார்க்கெட் சந்திப்பு. பஸ், லாரி, தள்ளுவண்டி, மூட்டை சுமக்கிறவர்கள் எல்லாரும் முட்டி மோதிக்கொள்ளும் இடம். அந்த ரோட்டை நினைத்தால் நர்ஸுக்குச் சோறு இறங்காது. வேலை நேரத்தில் போன் அடித்தால், எடுத்துப் பார்ப்பதற்குள் அவள் முகம் வெளுத்துவிடும்.

அதனால்தான் சைரன் விஷயத்தில் அவளுக்கும் டிரைவருக்கும் ஒத்துவரவே இல்லை.

டிரைவருக்கு ஒரு வழக்கம். நோயாளியைக் கூட்டிவரப் போகும்போது சைரன் போடுவார். ஏற்றிக்கொண்டு வரும்போது போடுவார். இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, வானமே இடிந்து விழுந்தாலும் போட மாட்டார். சிக்னலில் நிற்பார். முன்னால் மாட்டுவண்டி வேகத்தில் ஒரு சைக்கிள் போனாலும் பின்னாலேயே போவார். இன்னொன்றும் உண்டு. வழியிலேயே நோயாளியின் உயிர் போய்விட்டால், நர்ஸ் நடுவிலிருக்கும் சின்னக் கண்ணாடியைத் தட்டித் தலையை ஆட்டுவாள். அவர் அந்த நிமிஷமே சைரனை நிறுத்திவிட்டு மெதுவாக உருட்டுவார். "இனிமே இவருக்கு அவசரமில்ல சிஸ்டர். அவசரமா போறவங்க போகட்டும்" என்பார். மார்க்கெட் சந்திப்பில் கடை போட்டிருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது. அவர் வண்டியின் சத்தம் பாதியில் நின்றால், உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். யாரோ போய்விட்டார் என்று அர்த்தம்.

ஷெட்டில் மற்ற டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் சைலன்ஸர். அதிலும் ராக்கெட் என்று பெயர் வாங்கிய ஒருவன் இருந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தும் விளையாட்டுப் புத்தி போகாதவன். டீக்கடைக்குப் போவதென்றாலும் சைரனோடுதான் போவான்.

"என்ன சைலன்ஸர் அண்ணே, இன்னைக்கும் எருமை மாட்டுக்கு வழி விட்டுட்டு வந்தீங்களா?" என்பான்.

"ஆமாப்பா. அதுக்கும் வீட்டுல யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல" என்பார் அவர், சிரிக்காமல்.

மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வயசு குறைவு, பேச்சு இனிமை, சட்டை கசங்காது. சொன்ன நேரத்தில் உங்கள் வாசலில் எங்கள் வண்டி என்று ஊரெல்லாம் போர்டு வைத்தார். வண்டிகள் திரும்பி வரும் நேரம்தான் வீணாகிறது, இனி எல்லா வண்டியும் போகும்போதும் வரும்போதும் சைரனோடுதான் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். டிரைவர்களையும் நர்ஸ்களையும் கூப்பிட்டு அதை விளக்கவும் செய்தார்.

"வளர்ந்த ஊர்ல எல்லாம் நேரத்துக்குத்தான் மதிப்பு. நாமளும் நாகரிகமா மாறணும் இல்லையா? உங்களுக்கு இதுல என்ன கஷ்டம், சொல்லுங்க" என்று டிரைவரைப் பார்த்துக் கேட்டார்.

டிரைவர் கையில் இருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டே நின்றார். "கஷ்டம் ஒண்ணும் இல்லீங்க சார். ரோட்டுல போறவனுக்கு உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியாது. அவன் அம்மாவா, அடுத்த தெரு ஆளான்னு தெரியாது. சத்தத்தை மட்டும் நம்பி ஒதுங்குறான். பஸ்ல நூறு பேர் நிக்கிறாங்க, எல்லாருக்கும் வேலை இருக்கு. இருந்தும் ஒதுங்குறாங்க. அந்த நம்பிக்கையை நாம சும்மா சும்மா எடுத்துச் செலவு பண்ணக்கூடாதுங்க சார்."

"அதெல்லாம் பழைய காலத்துப் பேச்சுங்க" என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே.

அப்போது நர்ஸ் வாயைத் திறந்தாள். சும்மா இருந்திருக்கலாம். மகள் நினைப்பு அவளைச் சும்மா இருக்க விடவில்லை. "சார் சொல்றதுதான் சரிண்ணே. நீங்க சிக்னல்ல நின்னுக்கிட்டு இருக்கிற நேரத்துல ஒரு உயிர் போயிட்டா யாரு பதில் சொல்றது?"

டிரைவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. "போன் வந்தாத்தான் உடனே போட்டுடுறேனே சிஸ்டர்" என்றார். பிறகு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போய் வண்டி டயரைத் தட்டிப் பார்த்தார். மறுநாளும் அவர் வெறும் வண்டியில் சைரன் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. மேனேஜர் எச்சரித்தார். இன்னொரு தடவை மீறினால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்றார். "சரிங்க சார்" என்றார். செய்யத்தான் இல்லை.

மற்ற வண்டிகள் போட்டன. விடிந்ததிலிருந்து அடங்கும் வரை ஊர் முழுக்க ஊளை. மருந்து வாங்கப் போகும்போது, டீசல் போடப் போகும்போது, மேனேஜரின் விருந்தாளியைக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் சைரன் அலறியது. முதலில் எல்லாரும் ஒதுங்கினார்கள். அப்புறம் ஒதுங்கிவிட்டுத் திரும்பி, வண்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் பார்ப்பதையும் விட்டார்கள், ஒதுங்குவதையும் விட்டார்கள். கண்ணுக்கு இமை வைத்த கடவுள் காதுக்கு மூடி வைக்கவில்லை; அடுத்தவன் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று டிரைவர் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தக் காதுக்கு ஊரே மூடி போட்டுக்கொண்டது. நர்ஸ் வண்டிக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும், சைரன் இருக்கும்போதே இந்தக் கதி என்றால் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றுதான் நினைத்தாள்.

அந்தப் போன் ஒரு காலை வேளையில் வந்தது. மாப்பிள்ளை பேசினான். "அத்தை, ரத்தம் போகுது. படுக்கை எல்லாம் ரத்தம். எனக்கு ஒண்ணும் புரியல."

நர்ஸ் வாய் திறக்கும் முன்பே, அவள் முகத்தைப் பார்த்த டிரைவர் சாவியைத் திருப்பிவிட்டார். போகும்போது வழி எப்படியோ கிடைத்தது. மகளைத் தூக்கி ஏற்றினார்கள். டாக்டரம்மா கொடுத்த பழைய ரிப்போர்ட்டும் துணிப்பையும் வீட்டுக்குள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பைக்கில் பின்னாலேயே வருகிறேன் என்று மாப்பிள்ளை ஓடினான். கதவு மூடியது. சைரன் எழும்பியது.

"அம்மா, எனக்குக் குளிருது" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. அம்மா இருக்கேன். பேசிக்கிட்டே இரு, தூங்காத." மகளின் மணிக்கட்டில் விரலை வைத்தவள் எடுக்கவேயில்லை. எத்தனை பேருக்கு இப்படி நாடி பிடித்திருப்பாள். இன்று, துடிப்பது மகளின் நாடியா தன் விரலா என்றே தெரியவில்லை.

மார்க்கெட் சந்திப்பில் வண்டி நின்றது. முன்னால் ஒரு பஸ் குறுக்கே வாலை நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் வெங்காய லாரி. சைரன் தொண்டை கிழியக் கத்தியது. ஒருவரும் அசையவில்லை. தள்ளுவண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தராசைத் துடைத்தார். நர்ஸ் கண்ணாடி வழியே பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்தில்கூட அவசரம் இல்லை. கடவுளே, இவர்களுக்கு யாராவது சொல்லக்கூடாதா என்று வாய்விட்டே வேண்டினாள்.

அப்போது சைரன் நின்றது.

அந்த வண்டியில் நோயாளியை வைத்துக்கொண்டு சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று நர்ஸுக்குத் தெரியும். தான் தலையாட்டாமலே நிற்கிறதே. தனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிட்டதா? மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துத் தேடினாள். இருந்தது. மெல்லிசாக, நூல் மாதிரி இருந்தது. கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். "அண்ணே, இருக்கா. உயிரோட இருக்கா. ஏன் நிறுத்துனீங்க? அவளுக்கு ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்க."

டிரைவர் திரும்பவில்லை. ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, பஸ் டிரைவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் பின்னாடி எடுங்கண்ணே."

"உனக்கு வேற வேலை இல்லையாய்யா? காலையிலதான் உங்க வண்டி ஒண்ணு இப்படியே கத்திக்கிட்டு வந்துச்சு. ஓரங்கட்டி வழி விட்டேன். போயி டீக்கடையில நிக்கிறான். சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லிக்கிட்டு இருக்கான்."

"அது நான் இல்லண்ணே. என்னைப் பாருங்க. இத்தனை வருஷத்துல நான் ஒருநாளாவது சும்மா உங்ககிட்ட வழி கேட்டிருக்கேனா?"

சத்தம் நின்றதும் கடைக்காரர்கள் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டிருந்தார்கள். அந்த அமைதியில் அவர் குரல் எல்லாருக்கும் கேட்டது. பஸ் டிரைவர் அப்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "போயிட்டாங்களா?"

"இல்லண்ணே. ரெண்டு உயிரு உள்ள இருக்கு. ரெண்டும் இருக்கு. கையெடுத்துக் கும்பிடுறேன்."

பஸ் டிரைவர் பின்னால் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே பஸ்ஸைப் பின்னுக்கு இழுத்தார். கண்டக்டர் குதித்து இறங்கி லாரியின் கதவைத் தட்டினார். தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தன் வண்டியைத் தூக்கியே ஓரத்தில் வைத்தார், தக்காளி உருண்டு ஓடியதைக்கூடப் பார்க்காமல். யாரோ ஒருவர் முன்னால் ஓடினார். இன்னொருவர் அவருக்கும் முன்னால். உள்ளே இருப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்ன ஊர், என்ன இனம், யார் பெண் என்று கேட்கவில்லை. துணி கிழிந்த மாதிரி ரோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. நாகரிகம் நாகரிகம் என்று நாம் எதையெல்லாமோ காட்டுகிறோம். உயர உயரக் கட்டிடத்தையும், தானாகத் திறக்கிற கதவையும் காட்டுகிறோம். அன்று அந்த மார்க்கெட்டில் வேர்வை நாற்றத்துக்கு நடுவே நின்றவர்கள்தான் அதைக் காட்டினார்கள் என்று நர்ஸ் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை. "ஓட்டுங்கண்ணே, ஓட்டுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சந்திப்பைத் தாண்டிப் பாலம் ஏறியதும் டிரைவர் மறுபடி சைரனைப் போட்டார்.

ஆனால் பைக்கில் வெகு பின்னால் நெரிசலில் மாட்டியிருந்த மாப்பிள்ளைக்கு அந்தச் சத்தம் எட்டவில்லை. நின்றதுதான் எட்டியது. அந்த டிரைவர் சைரனை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று மாமியாரே ஒருமுறை சாப்பிடும்போது சொல்லியிருந்தாள். அவன் பைக்கைக் கீழே போட்டான். ஒரு கடை வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நர்ஸ் போன் மேல் போன் போட்டாள். அந்தச் செய்தியைக் காதால் கேட்கப் பயந்து அவன் எடுக்கவேயில்லை.

வெயில் சாயும் நேரத்தில்தான் மருத்துவமனைக்கு வந்தான். நடந்தே வந்தான். ரிப்போர்ட்டும் துணிப்பையும் நெஞ்சோடு இருந்தன, செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று அவனுக்கே தெரியாது. வாசலில் நின்றானே தவிர உள்ளே போகக் கால் வரவில்லை. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் பார்த்தார். கோணிப்பையைத் துழாவி, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக ஒரு ஜோடியைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்.

"போட்டுக்குங்க மாப்ள. உங்க சைஸ் தீர்ந்துபோச்சு, இதை வச்சு ஒப்பேத்துங்க. பொண்ணு பொறந்திருக்கா. தாய்க்கு ரத்தம் ஏத்தியாச்சு, கண்ணு முழிச்சுட்டாங்க. மொத மொதல்ல பாக்கப் போறீங்க, வெறுங்காலோட போகாதீங்க."

மாப்பிள்ளை அவர் தோளிலேயே சாய்ந்து அழுதான். அவர் ஈரக் கையை அவன் முதுகில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல், காற்றிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் நர்ஸ் மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இனிமே வெறும் வண்டியில சைரன் போட்டா நான் ஏற மாட்டேன்."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நீங்கதானே சிஸ்டர் போடணும்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?"

"சொன்னேன் சார். அன்னைக்கு என் பொண்ணு உள்ள இல்ல."

மேனேஜர் கெட்டவர் இல்லை. பேனாவை மூடித் திறந்தார். பார்க்கலாம் என்றார். உத்தரவை அவர் திரும்பப் பெறவில்லை. சைரன் போட்டார்களா என்று கேட்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஆனால் மீறியவரை அப்படியே விட்டால் தன் சொல்லுக்கு மரியாதை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். டிரைவரைத் துணி சலவைப் பிரிவுக்கு மாற்றினார். அழுக்குப் படுக்கை விரிப்புகளைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு அவர் வராந்தாவில் போவார். எதிரில் ஸ்ட்ரெச்சர் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பார். நர்ஸ் எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தாள். "விடுங்க சிஸ்டர், இதுலயும் சக்கரம் இருக்கு" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச மாதம் அப்படிப் போனது. பிறகு தனியாக இருந்த அவருடைய அக்காவுக்கு உடம்பு முடியாமல் போகவே, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குக் கிளம்பினார்.

கிளம்புகிற அன்று ராக்கெட் ஒற்றைக்காலில் நின்றான், தன் வண்டியில்தான் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுவேன் என்று. டீசல் போட அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று சத்தியம் செய்தான். டிரைவர் முன்சீட்டில் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்தார். நர்ஸ் பின்னால் ஏறிக்கொண்டாள். கோணிப்பை இப்போது ராக்கெட்டின் சீட்டுக்கு அடியில் இருந்தது.

வாசலைத் தாண்டியதும் ராக்கெட் சைரனைப் போட்டான்.

டிரைவர் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தார். "யாருக்கு என்ன?"

"உங்களுக்குத்தாண்ணே. மரியாதை. இன்னைக்கு ஒருநாள்."

"நான் நல்லாத்தானப்பா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே, கையை நீட்டி அவரே நிறுத்தினார். மார்க்கெட் சந்திப்பில் சிக்னல் சிவப்பாக இருந்தது. நின்றார்கள். பச்சை வந்ததும் போனார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர் ஒருவர் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

பஸ் நிலையத்தில் இறங்கி, பெட்டியைக் கீழே வைத்தார். நர்ஸுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. கால் மட்டும் நிலைகொள்ளாமல் தட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ வேறொரு மருத்துவமனை வண்டி ஊளையிட்டுக்கொண்டு போனது. உள்ளே ஆள் இருக்கிறதா, சும்மாவா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனாலும் டிரைவர் ரோட்டோரத்திலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே தலையை நீட்டினார்.

"பெரிய சைஸ் தீர்ந்துபோச்சு சிஸ்டர், யார்கிட்டயாவது கேட்டு வாங்கி வைங்க. திரும்பிப் போறப்ப மெதுவாவே போங்க. வண்டி காலிதானே."